மாதக் கடைசியில் பர்ஸ் காலி... அலமாரியும் ஃப்ரீசரும் காலியா? இருப்பதை வைத்தே ஒரு வாரம் சமைப்பது எப்படி?

மாதம் 22, 23 தேதி ஆகிவிட்டாலே பல வீடுகளில் கேட்கும் கேள்வி இதுதான்: "சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே, என்ன சமைக்கிறது?" கையில் இருக்கும் பணம் பஸ், பெட்ரோல், மருந்து, பிள்ளைகள் செலவு எனப் பிரிந்துவிடும். மளிகைக்கு மிஞ்சுவது சொற்பம்.

ஆனால் அதே வீட்டின் அலமாரியைத் திறந்து பாருங்கள். கால் கிலோ பாசிப்பயறு, பாதி பாக்கெட் சேமியா, பண்டிகைக்கு வாங்கி மிச்சமான கடலை மாவு, டப்பா அடியில் கொஞ்சம் உளுந்து, ஒரு பிடி சுண்டைக்காய் வத்தல் என ஏதேதோ இருக்கும். ஃப்ரீசரில் துருவிய தேங்காயும், எப்போது வைத்தோம் என்றே தெரியாத ஒரு மீன் பொட்டலமும் உறைந்து கிடக்கும்.

இதை வைத்து ஒரு வாரம் ஓட்ட முடியுமா? பெரும்பாலான வீடுகளில் முடியும். ஆனால் எதை முதலில் எடுப்பது, எதை நம்பிச் சாப்பிடலாம், எதைத் தயங்காமல் தூக்கிப்போட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் எவ்வளவு உணவு வீணாகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கையின்படி, 2022-ம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. இதில் 60 சதவீதம் வீணானது வீடுகளில்தான். ஹோட்டல், கடைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ என்கிறது அந்த அறிக்கையின் மதிப்பீடு. உலக சராசரியான 79 கிலோவைவிட இது குறைவு.

இந்தக் கணக்கில் தோல், எலும்பு போல சாப்பிட முடியாத பகுதிகளும் சேரும். அப்படிப் பார்த்தாலும், காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது என்பதுதான் உண்மை. மாதக் கடைசியில் நமக்குக் கை கொடுக்க வேண்டியது அந்தப் பங்குதான்.

முதல் வேலை: அரை மணி நேரக் கணக்கெடுப்பு

சமைக்கத் தொடங்கும் முன் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் மூன்றிலும் இருப்பதை வெளியே எடுத்துப் பார்த்து மூன்று பட்டியலாக எழுதுங்கள்.

* இன்று, நாளைக்குள் தீர வேண்டியவை: கீரை, தக்காளி, புளிக்கத் தொடங்கிய மாவு, பிரித்த பால், மிச்சமான குழம்பு.
* இந்த வாரத்துக்குள் தீர வேண்டியவை: கேரட், முட்டைக்கோஸ், முட்டை, தயிர், ஃப்ரீசரில் இருக்கும் மீன், கோழி, பட்டாணி.
* காத்திருக்கும் பொருட்கள்: பருப்பு, பயறு, ரவை, சேமியா, அவல், வத்தல், அப்பளம், கருவாடு, புளி.

சமையல் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். பலர் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கும். "சுலபமா இருக்கே" என்று முதலில் சேமியாவைக் கிளறிவிடுவார்கள். கீரை அழுகிவிடும். சேமியா இன்னும் ஒரு மாதம் காத்திருந்திருக்கும்.

தட்டில் முதலில் குறைவது எது?

காசு குறையும்போது வீட்டில் சாதம் குறைவதில்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். குறைவது பருப்பும் காய்கறியும்தான். சாதம், ரசம், ஊறுகாய் என்று நான்கு நாள் ஓடும். வயிறு நிறையும், ஆனால் புரதம் போதாது. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது நல்லதல்ல.

ஐ.சி.எம்.ஆரின் கீழ் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு சுமார் 46 கிராம் புரதம் தேவை. காய்ந்த பருப்பு, பயறு வகைகளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதாவது ஓர் ஆளுக்கு 50 கிராம் பருப்பு சேர்த்தாலே 11 கிராம் வந்துவிடும். மீதி அரிசி, கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும்.

நான்கு பேர் வீட்டுக்கு இது நாளுக்கு 200 கிராம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ துவரம் பருப்பு இந்தக் கணக்கில் 5 நாள்தான் வரும். அதனால்தான் டப்பா அடியில் கிடக்கும் பாசிப்பயறு, கொள்ளு, மூக்கடலை, தட்டைப்பயறு எல்லாம் மாதக் கடைசியில் தங்கம் மாதிரி.

தேதி முடிஞ்சிருச்சு... தூக்கிப்போடணுமா?

பாக்கெட்டில் இரண்டு விதமான தேதிகள் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

* காலாவதி தேதி, அதாவது 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை': இது பாதுகாப்பு பற்றியது. இந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. பால், பனீர், இறைச்சி போன்றவற்றில் இதை மீறவே வேண்டாம்.
* 'பெஸ்ட் பிஃபோர்': இது தரம் பற்றியது. அந்தத் தேதிவரை மணம், சுவை, மொறுமொறுப்பு முழுமையாக இருக்கும் என்று பொருள். தேதி தாண்டிய மறுநாளே அது விஷமாகிவிடாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி காலாவதி தேதியை அச்சிடுவது கட்டாயம். 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதல் தகவல்தான். உங்கள் பாக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சில்லறையாக வாங்கிய பருப்பு, பயறுக்குத் தேதியே இருக்காது. அவை உலர்ந்திருந்து, பூஞ்சையும் கெட்ட வாடையும் இல்லாமல் இருந்தால் பயன்படுத்தலாம். பழசாக ஆக ஆக வேக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கூடுதலாக ஊற வைத்தால் சரியாகிவிடும்.

வண்டு, பூஞ்சை, சிக்கு வாடை: எது ஆபத்து?

வண்டு: அரிசியிலும் பயறிலும் சில வண்டுகள் இருந்தால் பதற வேண்டாம். முறத்தில் புடைத்து, நிழலில் காற்றாட வைத்து, நன்றாகக் களைந்து சமைக்கலாம். ரவையிலும் மாவிலும் புழு, நூலாம்படை போல் கட்டி, கெட்ட வாடை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கிய ரவையை வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டாலோ, காற்றுப் புகாத பையில் 4 நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலோ வண்டு வருவது குறையும்.

பூஞ்சை: இதில் சமரசமே கூடாது. வேர்க்கடலை, சோளம், காய்ந்த மிளகாய் போன்றவற்றில் வரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உருவாக்கும். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய இந்த நச்சு சாதாரண சமையல் சூட்டில் முழுதாக அழியாது. "வறுத்தா போயிடும்" என்பது தவறு. பிரெட்டில் ஒரு ஓரத்தில் மட்டும் பச்சை படிந்திருந்தாலும் முழுப் பாக்கெட்டும் குப்பைக்குத்தான்.

சிக்கு வாடை: எண்ணெய், தேங்காய், வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றில் வரும். கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெட்டுப்போவதால் வருவது இது. தாளித்தாலும் போகாது, முழுச் சமையலையும் கெடுத்துவிடும்.

முட்டை: தண்ணீரில் போட்டால் மிதக்கும் முட்டை பழையது. உள்ளே காற்று அறை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

உருளைக்கிழங்கு: சின்ன முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம். தோல் பச்சை நிறமாகி, நிறைய முளைவிட்டுச் சுருங்கியது வேண்டாம்.

கேரட், பீன்ஸ்: வாடி வளைந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மீண்டும் விறைக்கும்.

ஃப்ரீசரில் இருப்பதை எப்படி எடுப்பது?

ஃப்ரீசர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. வெளியே எடுத்துச் சூடு ஏறியதும் அவை மீண்டும் பெருகத் தொடங்கும். அதனால் மீன், கோழியை காலையில் எடுத்து சமையல் மேடையில் மதியம்வரை போட்டு வைக்காதீர்கள். முந்தின நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடியில் ஒரு தட்டு இருக்கட்டும். பச்சை இறைச்சியின் தண்ணீர் மற்ற உணவின் மேல் சொட்டக் கூடாது.

அவசரமென்றால், கசியாத பையில் கட்டி குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். இளகிய பச்சை மீனையும் கோழியையும் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

மீனின் மேல் வெள்ளையாக, காய்ந்த திட்டுகள் தெரிந்தால் அது ஈரப்பதம் போனதன் அடையாளம். ஆபத்தில்லை, ஆனால் சக்கை மாதிரி இருக்கும். வறுவலுக்குப் பதில் புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் சமாளிக்கலாம்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ், ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலே இருக்கும் சின்ன ஐஸ் அறை பல நேரங்களில் அந்த அளவுக்குக் குளிராது. அதில் மீன், இறைச்சியை மாதக் கணக்கில் வைக்காமல் சில வாரங்களிலேயே தீர்த்துவிடுவது நல்லது. பனி கட்டியாகப் படிந்திருந்தால் குளிர்ச்சி குறையும், கரன்ட் செலவும் கூடும். சரக்கு தீரும் மாதக் கடைசிதான் அதைச் சுத்தம் செய்யச் சரியான நேரம்.

கரன்ட் போனால்? கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த தனி ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். சின்ன ஐஸ் அறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். அப்படி நீண்ட நேரம் மின்தடை ஏற்பட்டால், முழுக்க இளகிப்போன மீன், இறைச்சி, பாலை நம்ப வேண்டாம்.

சரி, என்ன சமைக்கலாம்?

1. டப்பா அடிப் பருப்பில் அடை
துவரை, கடலைப் பருப்பு, உளுந்து, பாசிப்பருப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறதா? 2 பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு கலந்த பருப்பு போதும். 3 மணி நேரம் ஊற வைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் அடை மாவு ரெடி. மிஞ்சிய முட்டைக்கோஸ், கீரை, வெங்காயத்தை நறுக்கிப் போடலாம். முழுப் பயறு சேர்த்தால் இரவே ஊற வைக்க வேண்டும். ராஜ்மாவை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அரைவேக்காட்டு ராஜ்மா கடுமையான வாந்தி, பேதியை உண்டாக்கும். ஊற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு முழுதாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

2. அரிசி பருப்பு சாதம்
கொங்கு வீடுகளின் கைகண்ட மருந்து. 1 கப் அரிசிக்கு கால் முதல் அரை கப் துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய், மஞ்சள்தூள் தாளித்து, மூன்றரை கப் தண்ணீர் விட்டு ஒரே குக்கரில் முடித்துவிடலாம். தனியாகக் குழம்பு வேண்டாம், கேஸும் மிச்சம். ஒரு அப்பளம் போதும்.

3. காய் இல்லாத நாளுக்கு வத்தக்குழம்பு
சுண்டைக்காய் அல்லது மணத்தக்காளி வத்தலை நல்லெண்ணெயில் வறுத்து, புளிக்கரைசல், குழம்புத்தூள் சேர்த்துச் சுண்டவிட வேண்டும். இதில் புரதம் குறைவு. அதனால் பருப்புத் துவையலோ கொள்ளுத் துவையலோ கட்டாயம் சேரட்டும்.

4. ஒரே வேக்காடு, மூன்று உணவு
அரை கிலோ மூக்கடலையை இரவு ஊற வைத்து, காலையில் மொத்தமாக வேகவைத்துவிடுங்கள். ஒரு பங்கு புளிக்குழம்புக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்குச் சுண்டல். மூன்றாவது பங்கை ஆறியதும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் நான்கு நாள் கழித்து சப்பாத்திக்குக் குருமா. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்துக்கு அருமையாக இருக்கும்.

5. புளித்த மாவு
வெங்காயம், மிளகாய் வதக்கிச் சேர்த்தால் பணியாரம். ரவை கலந்து பத்து நிமிடம் வைத்தால் ஊத்தப்பம். புளிப்பு வேறு, கெட்டுப்போனது வேறு. நிறம் மாறினாலோ, மேலே பூஞ்சை படிந்தாலோ, அழுகல் வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

6. கருவாடு
ஒரு சின்னப் பொட்டலம் இருந்தாலே நான்கு பேருக்குக் குழம்பு. வெந்நீரில் அலசி உப்பைக் குறைத்து, வாடிய கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, ஊறிய மொச்சையோடு வைத்தால் காய், புரதம் இரண்டும் ஒரே சட்டியில். உப்புத் தனியாகப் போடும் முன் ருசி பாருங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அளவாகச் சாப்பிடுவது நல்லது.

7. தூக்கிப்போடும் பகுதிகள்
பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முள்ளங்கிக் கீரையில் பொரியல், காலிஃபிளவர் தண்டில் கூட்டு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் மோர்க்குழம்பு. நன்றாகக் கழுவிவிட்டுச் செய்தால் எல்லாமே சாப்பாடுதான்.

ஒரு வாரத் திட்டம்: ஒரு மாதிரி

* நாள் 1: இருக்கும் கீரை, தக்காளியைத் தீர்க்கும் பருப்புக் கூட்டு, இரவு புளித்த மாவில் ஊத்தப்பம். மீனை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றவும்.
* நாள் 2: மீன் குழம்பு, இரவு ரவா கிச்சடி, ஃப்ரீசர் பட்டாணியோடு. மூக்கடலையை ஊற வைக்கவும்.
* நாள் 3: மூக்கடலைப் புளிக்குழம்பு, கேரட் பொரியல், மாலை சுண்டல்.
* நாள் 4: அரிசி பருப்பு சாதம், அப்பளம், இரவு கோதுமை தோசை, வேர்க்கடலைச் சட்னி.
* நாள் 5: வத்தக்குழம்பு, கொள்ளுத் துவையல், இரவு அடை.
* நாள் 6: முட்டைக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல்; இரவு அவல் உப்புமா.
* நாள் 7: கருவாட்டுக் குழம்பு, இரவு சப்பாத்தி, ஃப்ரீசரில் வைத்த மூக்கடலையில் குருமா.

சைவ வீடுகளில் 2, 6, 7-ம் நாட்களுக்கு பாசிப்பயறுக் கடையல், தட்டைப்பயறுக் குழம்பு, மோர்க்குழம்புடன் பருப்பு உசிலி என மாற்றிக்கொள்ளலாம். வெளியே வாங்க வேண்டியது பால், வெங்காயம், கொஞ்சம் காய்தான்.

மிச்ச சாதத்தில் கவனம்!

சிக்கனம் என்ற பெயரில் அதிகம் ஏமாறும் இடம் இது. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் பிழைத்துவிடும். சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உருவாக்கும். அந்த நச்சில் ஒரு வகை, திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. "சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே செல்லாது.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரமே எடுத்து வைத்துவிடுவது நல்லது. மிச்ச சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே முறை ஆவி பறக்கச் சூடுபடுத்திச் சாப்பிடுங்கள். பழைய சோறு வேண்டுமென்றால், ஆறியதுமே சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுங்கள். பகல் முழுக்க வெளியே கிடந்த சாதத்துக்கு இரவில் தண்ணீர் ஊற்றுவது பாதுகாப்பானதல்ல.

கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் சந்தேகம் வந்தாலே கொட்டிவிடுங்கள். 20 ரூபாய் சாதத்தைக் காப்பாற்றப் போய் ஆஸ்பத்திரிச் செலவு இழுத்துக்கொண்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

அடுத்த மாதம் இந்த நெருக்கடி வராமல் இருக்க...

* மளிகைச் சீட்டு எழுதும் முன் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். இருப்பதைத் திரும்ப வாங்குவதில்தான் பாதிப் பணம் முடங்குகிறது.
* புதிய பாக்கெட்டைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். பழைய ரவையின் மேல் புதிய ரவையைக் கொட்டாதீர்கள்.
* ஃப்ரீசரில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.
* தேங்காய் மலிவாகக் கிடைக்கும்போது துருவி, ஒரு நாள் அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உறைய வையுங்கள். முருங்கைக்கீரை, கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும்.
* 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ' என்றாலும், இரண்டாவது பாக்கெட் தேதிக்குள் தீருமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.
* மாதம் 20-ம் தேதி வாக்கிலேயே கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள். அப்போது கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்பது தெளிவாகும்: பெரும்பாலும் அது காய்கறியும் முட்டையும்தான், இன்னொரு பாக்கெட் சேமியா அல்ல.